ஊட்னடாட்டா தடம்: மாரியிலிருந்து மார்லா வரை ஊர் ஊராகக் கேட்டுப் போகும் வழி

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, மாரி என்ற சிற்றூரில் தொடங்கி மார்லா என்ற நெடுஞ்சாலை நிறுத்தத்தில் முடிகிறது ஊட்னடாட்டா தடம். நீளம் சுமார் 620 கி.மீ. நடுவில் வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்று இரண்டே ஊர்கள். மாரியிலிருந்து வில்லியம் கிரீக் சுமார் 200 கி.மீ., அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200, அதன்பின் மார்லா 210. வழி முழுக்க மண், சரளை, கூழாங்கல்.

அவுட்பேக் என்னும் ஆஸ்திரேலிய வறண்ட உள்நாட்டுப் பயணத்தை முதல்முறையாகத் திட்டமிடுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தத் தடத்தைத்தான். பாலைவனத்துக்குள் மணல்மேடு ஏறி இறங்க வேண்டியதில்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஒரு டேங்க் எரிபொருள் தாராளமாகப் போதும். ஓட்டுவதற்கும் தனித்திறமை எதுவும் வேண்டாம். ஆனால் மழை வந்தால் நிற்கத் தெரிய வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, "அடுத்த ஊர் வரை தடம் எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. கீழே சொல்லும் பாதி விஷயங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

தடத்தின் பின்னணி கொஞ்சம் தெரிந்தால் வழியில் பார்ப்பதெல்லாம் பிடிபடும். வறண்ட இந்த நிலத்தில் நிலத்தடியிலிருந்து தானாகப் பொங்கும் ஊற்றுகள் ஒரு வளைவாக அமைந்திருக்கின்றன. அரபானா உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் காலங்காலமாக இந்த ஊற்றுகளை ஒட்டித்தான் நடந்தார்கள். 1859 முதல் 1862 வரை வடக்கே வழி தேடிய ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட்டும் இதே ஊற்று வரிசையைப் பிடித்தே போனார். 1872-இல் கண்டத்தைக் குறுக்காகக் கடந்த தந்திக் கம்பி அவர் போன வழியில் வந்தது. அதன்பின் கான் ரயில். 1891-இல் ஊட்னடாட்டாவுக்கும் 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் போய்ச் சேர்ந்த அந்த ரயில் பாதை, 1980-இல் மேற்கே புதுப் பாதை போட்டதும் கைவிடப்பட்டது. வழியெங்கும் நீங்கள் பார்க்கப் போகும் இடிந்த ஸ்டேஷன்கள், பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அந்தப் பழைய பாதையின் மிச்சம். தண்ணீரைத் தேடித்தான் இத்தனை பேரும் இந்த வழி வந்திருக்கிறார்கள்.

முதலில் மாதம், அப்புறம் வானிலை

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். பகலில் இதமான வெயில், இரவில் பல்லைக் கிட்டிக்கும் குளிர். ஜூலையில் விடியற்காலை கூடாரத்தின்மேல் உறைபனி படிந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆஸ்திரேலியாவில் அதை மிஞ்சிய வெப்பம் இன்றுவரை பதிவாகவில்லை. 2022-இல் மேற்குக் கரையின் ஆன்ஸ்லோ அதைத் தொட்டது, அவ்வளவுதான்.

வெயிலைவிட மழைதான் உங்கள் திட்டத்தைக் குலைக்கும். ஆண்டு முழுவதும் சேர்த்து இருநூறு மில்லிமீட்டர்கூடப் பெய்யாத பூமி இது. அதனால் மழையைப் பற்றி எதற்குக் கவலை என்று தோன்றும். ஆனால் ஒரு நல்ல மழை போதும், களிமண் வழுக்கத் தொடங்கிவிடும். டயரின் பள்ளங்களெல்லாம் சேறு அடைத்துக்கொண்டு, நான்கு சக்கரமும் வழவழப்பான உருளையாகிவிடும். ஈரத்தில் ஓட்டினால் வண்டி மாட்டுவது ஒரு பக்கம், தடத்தில் ஆழமான சாலும் விழும். அது காய்ந்ததும் பாறையாக இறுகி, அடுத்து வருகிறவர்கள் வண்டியின் அச்சை முறிக்கும். அதனால்தான் அரசு தடத்தை மூடுகிறது. மூடிய தடத்தில் இறங்கினால் பெரிய அபராதம், காப்பீடும் கைவிரிக்கும்.

எனவே தெற்கு ஆஸ்திரேலிய அரசின் சாலைத்துறை வெளியிடும் அவுட்பேக் சாலை நிலவரத்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பாருங்கள். திறந்த சாலை, நான்கு சக்கர இழுவை வண்டிக்கு மட்டும், மூடிய சாலை என்று பகுதி பகுதியாகப் போட்டிருப்பார்கள். விடுமுறையில் இரண்டு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் ஒதுக்கி வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்கிறவர்தான் ஈரத்தடத்தில் இறங்குவார்.

வண்டியும் டயரும்

தரையிலிருந்து நல்ல உயரமுள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி உத்தமம். தடம் காய்ந்து, கிரேடர் ஓட்டிச் சமன்படுத்திய புதிதில் சாதாரணக் கார்களும் போய் வருவதுண்டு. ஆனால் அந்த நாளை நம்பித் திட்டம் போட முடியாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். சாதாரண வாடகைக் கார்களில் பெரும்பாலும் தார் இல்லாத சாலைக்கே தடை. ஃபோர் வீல் டிரைவாக இருந்தாலும் ஊட்னடாட்டா தடம் என்று பெயர் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "அதெல்லாம் போகலாம் சார்" என்று கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னது விபத்துக்குப் பின் உதவாது.

டயர்தான் இந்தப் பயணத்தின் உயிர். எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் பாதியை டயருக்குக் கொடுங்கள். லைட் டிரக் வகை ஆல்-டெரைன் டயர் வேண்டும், பக்கச்சுவர் தடித்தது. நகரத்து எஸ்யூவிகளில் வரும் மெல்லிய டயரைக் கூர்மையான கூழாங்கல் பக்கவாட்டில் கிழித்துவிடும்; அதை ஒட்டவும் முடியாது. ஸ்பேர் இரண்டு கொண்டு போங்கள். உங்கள் அளவு டயர் இந்த ஊர்களில் கையிருப்பில் இருக்கும் என்று நம்பாதீர்கள். வண்டியிலுள்ள ஸ்பேர் அந்தச் சின்னத் தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அது கணக்கிலேயே வராது.

தார் முடியும் இடத்தில் நிறுத்தி நான்கு டயரிலும் காற்றைக் குறையுங்கள். தாரில் 36 முதல் 38 பிஎஸ்ஐ வைத்திருந்தால் இங்கே 26 முதல் 28 போதும். பின்னால் சுமை அதிகமென்றால் பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட்டலாம். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் மடங்கி ஏறும், விறைத்த டயர் குத்துப்படும். உடம்பிலுள்ள எலும்புக்கும் வண்டியிலுள்ள போல்ட்டுக்கும் காற்றைக் குறைப்பது நல்லது. காற்றைக் குறைத்தபின் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், தாண்டினால் டயர் சூடாகிக் கிழியும்.

ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கொரு தடவை நிறுத்தி வண்டியைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் உள்ளங்கையை வையுங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று சூடாக இருந்தால் அதில் மெல்லக் காற்று இறங்குகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அப்படியே சக்கர நட்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள். அதிர்ச்சியில் தளரும்.

என்னென்ன ஏற்றுவது

தண்ணீர் முதலில். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு, பயண நாட்களோடு இரண்டு மூன்று நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கேனில் ஊற்றாமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று உடைந்தால் மற்றது இருக்கும்.

கருவிகளில் காற்றழுத்த மானி, பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர், பஞ்சர் ஒட்டும் கிட், ஜாக்கின் அடியில் வைக்க ஒரு தட்டையான பலகை (மண்ணில் ஜாக் புதையும், பலர் மறக்கும் சாமான் இது), மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் ஏற்றுப் பலகைகள். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், நல்ல டேப், தீயணைப்பான். இழுவைப் பட்டை வைத்திருந்தால் வண்டியின் சேசிஸில் அதற்கென்றே பொருத்திய கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டி இழுத்தால் அது பிய்ந்து குண்டாகப் பறக்கும். அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

முதலுதவிப் பெட்டியில் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் மூன்று நான்கு கூடுதலாக வையுங்கள். ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ கழுவுவதோ கயிறு கட்டுவதோ கிடையாது. கடித்த கை அல்லது கால் முழுவதையும் இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் கிடத்தி, உதவி வரும்வரை அப்படியே வைத்திருப்பதுதான் முறை.

சாப்பாட்டுக்கு நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிச்சோறும் தக்காளித் தொக்கும் இரண்டு நாள் தாங்கும். ஆனால் அடுக்கும் விதம் முக்கியம். குலுக்கலில் கோக் டின்கள் ஒன்றோடொன்று உரசி உரசியே ஓட்டை விழுந்து, பெட்டி முழுக்க இனிப்புத் தண்ணீர் தேங்கும். டின்னுக்கும் பாட்டிலுக்கும் நடுவே துண்டைச் செருகுங்கள். கண்ணாடி ஊறுகாய் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிட்னி, மெல்போர்ன் பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் பழம் எடுத்து வராதீர்கள். பழ ஈயைத் தடுக்க தெற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு.

முகத்தில் போடும் ஈ வலை சிரிப்பாக இருக்கும், வாங்குங்கள். இரண்டாம் நாள் சிரிக்க மாட்டீர்கள்.

போன் வேலை செய்யாது

ஊர்களைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. ஊருக்குள் கிடைத்தால் அது பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிக்னலாகத்தான் இருக்கும். மலிவான வேறு சிம் வைத்திருப்பவர்கள் பயணத்துக்கு மட்டும் ஒரு டெல்ஸ்ட்ரா பிரீபெய்டு வாங்கிக்கொள்ளலாம். இது வசதிக்கு மட்டும், உயிருக்கு இதை நம்பக் கூடாது.

உயிருக்கு நம்ப வேண்டியது பிஎல்பி என்ற சிறு அவசரக் கருவி. ஆண்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக நீங்கள் இருக்குமிடம் மீட்புப் படைக்குப் போய்விடும். வாங்கினால் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், வாடகைக்கும் கிடைக்கிறது. சாட்டிலைட் போனும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பிஎல்பியில் பேச முடியாது. டயர் வெடித்ததற்கும் கால் ஒடிந்ததற்கும் அதில் ஒரே பொத்தான்தான்.

வண்டிக்கு வண்டி பேச உதவும் யுஹெச்எஃப் ரேடியோ ஒன்று பொருத்துங்கள், கையடக்கமானதும் பரவாயில்லை. சேனல் 40-இல் லாரிக்காரர்கள் பேசுவார்கள். 5-உம் 35-உம் அவசரத்துக்கு மட்டும்.

கடைசியாக, வீட்டில் ஒருவரிடம் என்றைக்கு எங்கே இருப்பீர்கள், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். "போய்ட்டு வந்து பேசறேன்" என்பது தகவல் ஆகாது.

மண்ணில் ஓட்டும் விதம்

தடத்தின் குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம் வரும். சக்கரங்கள் துள்ளித் துள்ளிச் சரளையைத் தட்டி உண்டாக்குவது; பத்து கி.மீ. தொடர்ந்தும் வரும். ரொம்ப மெதுவாகப் போனால் ஒவ்வொரு மேட்டிலும் பல் ஆடும். 60-70-இல் வண்டி அலைகளின் தலையை மட்டும் தொட்டுப் போகும், ஆட்டம் குறையும். ஆனால் அப்போது சக்கரம் பாதி நேரம் காற்றில்தான் இருக்கிறது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதிதான் பேசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஃபோர் வீலைக் காய்ந்த சரளையிலும் போட்டே ஓட்டுங்கள், பிடிப்பு கூடும்.

எதிரில் வண்டி வந்தால் இடதுபக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். கல் தெறித்துக் கண்ணாடி உடைவது அப்போதுதான். மாடு ஏற்றிய ரோட் டிரெயின் (பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி) வந்தால் முழுதாக ஓரங்கட்டி நிற்பதே புத்திசாலித்தனம். அவை 53 மீட்டர் நீளம்கூட இருக்கும், பின்னால் எழும் புழுதியில் ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. அந்தப் புழுதிக்குள் முந்தப் பார்க்கவே பார்க்காதீர்கள். முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் சேனல் 40-இல் கேளுங்கள், அவர் விலகித் தருவார்.

புழுதி வண்டிக்குள் வராமலிருக்க ஜன்னல்களை மூடி, ஏசியை வெளிக்காற்று இழுக்கும்படி வைத்து ஃபேனைக் கூட்டுங்கள். உள்ளே காற்றழுத்தம் கூடும், இடுக்குகள் வழியே தூசி நுழையாது. வேறு வண்டியின் புழுதியில் மாட்டும்போது மட்டும் சிறிது நேரம் மாற்றிக்கொள்ளலாம்.

மாலை ஐந்து மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். கங்காரு, எமு, வேலியில்லாத மாடு எல்லாம் அந்தி நேரத்தில்தான் தடத்துக்கு வரும். குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி உருளும். பகலில் இன்னொன்றையும் கவனியுங்கள். செத்த கங்காருவின்மேல் பெரிய கழுகு உட்கார்ந்திருக்கும். வயிறு நிறையத் தின்ற கழுகால் சட்டென்று எழும்ப முடியாது. கனத்த இறக்கையை அடித்துக்கொண்டு தாழ்வாக, பல நேரம் உங்கள் கண்ணாடிக்கு நேராகத்தான் பறக்கும். தூரத்தில் பார்த்ததுமே ஏறக்குறைய நிற்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

மாரி

அடிலெய்டிலிருந்து ஏறக்குறைய 680 கி.மீ. ஒரே நாளில் அடிக்கலாம், ஆனால் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஓர் இரவு தங்கி வருவது மேல். மாரியில் ஓர் இரவாவது இருங்கள். ரயில் இருந்த காலத்தில் தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளையர்கள், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளிலிருந்து வந்த அந்த ஒட்டகக்காரர்கள்தான் ரயிலுக்கு முன்னும், ரயில் போகாத இடங்களுக்கும் சரக்கைக் கொண்டு போனவர்கள். அவர்கள் இங்கே கட்டிய பள்ளிவாசல் ஆஸ்திரேலியாவின் மிகப் பழையவற்றில் ஒன்று. அதன் மாதிரியை மண்ணும் கூரையுமாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்டேஷன் பக்கம் கான் எஞ்சின்கள் துருப்பிடித்து நிற்கின்றன.

டேங்க்கை நிரப்புங்கள். பப்பிலோ கடையிலோ தடத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது "ரோடு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும், தினமும் ஓட்டுகிறவருக்கு எல்லாமே பரவாயில்லைதான். "இன்றைக்கு வில்லியம் கிரீக்கிலிருந்து யாராவது வந்தார்களா? ஓடைகளில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எதிர்த்திசையிலிருந்து வந்த வண்டிக்காரரைப் பிடித்துக் கேட்டால் இன்னும் துல்லியம்.

மாரி முதல் வில்லியம் கிரீக் வரை

வழியில் பார்ப்பதற்கு அதிகம் உள்ள பகுதி இதுதான். மொத்தம் 200 கி.மீ. என்று காலையில் கிளம்பி மத்தியானமே போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். நடுவில் கவர்ட் ஸ்பிரிங்ஸில் தங்கி இரண்டு நாளாக்குங்கள்.

மாரியை விட்டு மேற்கே போனால் காட்டு நாய்களைத் தடுக்கும் வேலி குறுக்கிடும். 5,600 கி.மீ. நீளம், தெற்கே ஆடு, வடக்கே மாடு. அப்புறம் மியூட்டோனியா சிற்பப் பூங்காவில் இரண்டு விமானங்களை வாலில் நிறுத்தி வைத்திருப்பார்கள், ஒரு போட்டோ எடுக்கலாம். மாரியிலிருந்து சுமார் 90 கி.மீ.-இல் கட்டி தாண்டா ஐர் ஏரியின் தென்பகுதி தெரியும். ஏரியின் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே, நாட்டிலேயே தாழ்ந்த நிலம். பெரும்பாலும் வெள்ளை உப்புதான். குயின்ஸ்லாந்தில் பெய்த பெருமழை ஆறுகள் வழியே வாரக்கணக்கில் ஓடி வந்து சேரும் ஆண்டுகளில் மட்டும் தண்ணீர். உப்புப் பரப்பில் வண்டியை இறக்காதீர்கள். மேலோடு மெல்லியது, கீழே கறுப்புச் சேறு. அரபானா மக்களுக்கு ஏரி புனித இடம். உப்பின்மேல் நடப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை. கரையிலிருந்து பாருங்கள்.

வாப்மா கடார்பு ஊற்றுப் பூங்காவுக்குத் தெற்கே ஒரு கிளைத்தடம் பிரியும். கட்டாயம் திரும்புங்கள். சுற்றிலும் பொட்டல். அதில் ஒரு மேட்டின் உச்சியில் வட்டமான குளம், ஓரமெல்லாம் நாணல். அதுதான் பிளாஞ்ச் கப். பக்கத்திலேயே பப்ளர். தெளிந்த நீருக்கு அடியில் சாம்பல் நிற மணல் மெல்ல உப்பிக்கொண்டே வரும், உடையும், அடங்கும், மறுபடி உப்பும். சில நேரம் ஒரு வட்டம் பெரிதாக எழுந்து விளிம்பு வரை அலை தள்ளும். பத்து நிமிடமாவது நின்று பாருங்கள். அரபானா கதையில் ஒரு மூதாதை பெரும் பாம்பைக் கொன்று பிளாஞ்ச் கப் அடுப்பில் சமைத்தார்; பப்ளரில் புரள்வது சாகும் பாம்பின் துடிப்பு; அருகிலுள்ள ஹாமில்டன் குன்று அதன் தலை.

இந்தத் தண்ணீர் கிழக்கு மலைகளில் மழையாக விழுந்து, பாறைக்குள் ஊறி, பல லட்சம் ஆண்டு நகர்ந்து வந்து இங்கே வெளிப்படுகிறது. 17 லட்சம் சதுர கி.மீ. பரந்த கிரேட் ஆர்ட்டீசியன் படுகையின் ஓரம் இது. தெற்கே ஒலிம்பிக் டாம் சுரங்கமும் இதே படுகையிலிருந்துதான் நீர் இறைக்கிறது. ஊற்றுகள் வலுவிழப்பது பற்றிய சண்டை நெடுங்காலமாக நடக்கிறது. மேட்டின் ஓரம் மென்மையானது, மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் 1886-இல் ரயிலுக்காகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீர் இன்றும் ஓடுகிறது. பழைய ஸ்லீப்பர் கட்டைகளால் கட்டிய சிறு தொட்டியில் இறங்கிக் குளிக்கலாம். பேரீச்சை மரங்களுக்கு நடுவே கூடாரம். தனியார் இடம், பருவம் பார்த்துத்தான் திறப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வில்லியம் கிரீக், ஹாலிகன் பே

வில்லியம் கிரீக்கில் நிரந்தரமாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு பப், ஒரு விமான ஓடுதளம், சில அறைகள். சுற்றிலும் அன்னா கிரீக் மாட்டுப்பண்ணை. சுமார் 15,700 சதுர கி.மீ., உலகிலேயே பெரியது. பப்பின் சுவரும் கூரையும் வந்து போனவர்கள் ஒட்டிய விசிட்டிங் கார்டு, பழைய லைசென்ஸ், தொப்பி. 1971-இல் வூமெரா ராக்கெட் தளத்திலிருந்து செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் ராக்கெட்டின் முதல் அடுக்கு பக்கத்தில்தான் விழுந்தது. வருஷக்கணக்காக இந்த ஊரில் வெயில் காய்ந்து கிடந்த அதைச் சில ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனுக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

பணம் செலவழிக்கத் தகுந்த ஒரே சொகுசு இங்கிருந்து ஏரியின்மேல் பறக்கும் விமானம். ஏரி 9,500 சதுர கி.மீ.; கரையில் நின்றால் அதன் அளவு பிடிபடாது.

வில்லியம் கிரீக்கின் தெற்கே ஹாலிகன் பே செல்லும் கிளைத்தடம் ஏரிக்கரைக்குப் போகிறது, ஒரு வழிக்கே 60 கி.மீ. கிட்ட. பாலைவனப் பூங்காக்களுக்கான நுழைவு அனுமதி வேண்டும். 1998 டிசம்பரில் இங்கே ஓர் ஆஸ்திரிய ஜோடியின் வண்டி மணலில் சிக்கியது. கரையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சில நாள் காத்திருந்துவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். ஒருவர் முடியாமல் திரும்பி வந்தார், பிழைத்தார். தொடர்ந்து நடந்தவர் சுமார் 30 கி.மீ. போய் வெயிலில் இறந்தார். வண்டியை விட்டுப் போகாதே என்று இங்கே எல்லோரும் சொல்வது இதனால்தான். விமானத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி தெரியும், தனியாக நடக்கும் மனிதர் தெரியமாட்டார். மாட்டிக்கொண்டால் நிழலில் உட்காருங்கள், பிஎல்பியை இயக்குங்கள், தண்ணீரைத் தாகத்துக்குத் தேவையான அளவு குடியுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று குடிக்காமலிருந்து மயங்குவதில் பயனில்லை. ஹாலிகன் பேவுக்குப் போவதென்றால் பப்பில் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பியதும் வந்துவிட்டதாகச் சொல்லுங்கள்.

வானம் கறுத்தால் திட்டத்தை மாற்றச் சரியான ஊரும் இதுதான். மேற்கே 166 கி.மீ.-இல் கூபர் பீடி, அங்கே தார்ச்சாலை. ஆனால் மழைக்கு முன்னால் கிளம்பினால்தான். பெய்தபின் அந்தத் தடமும் சேர்ந்தே மூடும். அப்போது பப்பில் அறை எடுத்துக் காத்திருப்பதைவிட மலிவான வழி இல்லை.

ஊட்னடாட்டா

இந்த 200 கி.மீ.-இல் கல் அதிகம். டயரை மறுபடி பார்த்துக் கிளம்புங்கள். ஊருக்குச் சுமார் 55 கி.மீ. முன் நீல்ஸ் ஆற்றின்மேல் அல்ஜிபக்கினா ரயில் பாலம், 578 மீட்டர், 19 கண்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்ட ஆற்றுக்கு இவ்வளவு பாலமா என்று தோன்றும். வெள்ளம் வந்தால்தான் காரணம் தெரியும். வண்டிகள் பாலத்தில் போவதில்லை, ஆற்றுக்குள் இறங்கி ஏற வேண்டும். தண்ணீர் இருந்தால் முதலில் நடந்து ஆழம் பாருங்கள். ஓடும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், மறுநாள் வடியும்.

ஊட்னடாட்டாவில் பெரும்பாலோர் பூர்வகுடி மக்கள். பளீரென்ற பிங்க் நிற ரோட்ஹவுஸ்தான் எரிபொருள், சாப்பாடு, தபால், சாலைச் செய்தி எல்லாவற்றுக்கும். தடம் நெடுகப் பார்த்த, கையால் எழுதிய வழிகாட்டிப் பலகைகள் இங்கே இருந்தவர்கள் எழுதி நட்டவை. பழைய ரயில் ஸ்டேஷன் இப்போது அருங்காட்சியகம். சாவியை ரோட்ஹவுஸில் வாங்கிக்கொள்ளலாம்.

ஊருக்குள் நடந்துகொள்ளும் விதத்தில் பெரிய மர்மம் எதுவுமில்லை. யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, கேட்காமல் படமெடுக்காதீர்கள். வீட்டுத் தெருக்களில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வண்டியை ஊர்ந்து செலுத்தாதீர்கள். மதுவுக்கான கட்டுப்பாடு இடத்துக்கு இடம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துக்கம் நடக்கும் நாளில் கடை மூடியிருந்தால் முணுமுணுக்காமல் காத்திருங்கள். ரொட்டி, பால், சாப்பாடு எதையாவது இங்கே வாங்குங்கள். எல்லாவற்றையும் அடிலெய்டு சூப்பர்மார்க்கெட்டில் ஏற்றி வந்துவிட்டு, டயர் வெடித்தால் மட்டும் ரோட்ஹவுஸ் கதவைத் தட்டுவது நியாயமில்லை. விலை அதிகம்தான், சரக்கும் நீங்கள் வந்த இதே தடத்தில்தான் வந்தது.

வழியில் கூடாரம் போட்டால் மாட்டுத் தொட்டிக்கு அருகில் வேண்டாம், ஆளைக் கண்டால் மாடு தண்ணீர் குடிக்க வராது. கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

மார்லா

கடைசி 210 கி.மீ. கொஞ்சம் சலிப்பான ஓட்டம். சலிப்பில்தான் வேகம் கூடும், கவனம். மார்லாவுக்கு மேற்கே ஏபிஒய் என்று சுருக்கமாகச் சொல்லும் பூர்வகுடி நிலங்கள் தொடங்குகின்றன. 1981 சட்டப்படி ஆனங்கு மக்களுக்குச் சொந்தம். முன்கூட்டி அனுமதி வாங்காமல் உள்ளே போகக் கூடாது. மார்லா வழியாகச் செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் போவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

தார் தொட்டதும் உற்சாகத்தில் 110-க்கு மிதித்துவிடாதீர்கள். முதலில் கம்ப்ரசரை எடுத்து டயர்களைப் பழைய அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, எதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து தட்டுங்கள். கொட்டும் செம்மண்ணைப் பார்த்தால் எஞ்சின்மேல் இரக்கம் வரும். கண்ணாடியில் சின்னக் கல்வெடிப்பு இருந்தால் அது ஓடிப் பரவும் முன் ஒட்டிவிடுங்கள். அப்புறம் வீட்டில் எழுதிக் கொடுத்த ஆளுக்கு வந்து சேர்ந்ததாகப் போன் பண்ணுங்கள். இதை மறந்தால் ராத்திரி அவர் போலீசுக்குச் சொல்லி, உங்களைத் தேடி ஒரு வண்டி கிளம்பிவிடும்.